மழைக்கு அறுந்துபோகும் இணையத்தில் கிட்

வணக்கம். கோத்தகிரியில் மழை பிடித்தால் இணையம் போய்விடுகிறது, பெரிய திட்டங்களை கிட்டில் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) குளோன் செய்தால், அதாவது முழுதாக நகலெடுத்து இறக்கினால், பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். குன்னூரில் எனக்கும் இதே பாடுதான்.

குளோன் கட்டளையோடு டெப்த் 1 (--depth 1) என்று கொடுங்கள். கடைசி கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) மட்டும் இறங்கும், பழைய வரலாறு வராது. அப்புறம் இணையம் நன்றாக இருக்கும்போது ஃபெட்ச் (புதியதை இறக்கும்) கட்டளையில் டீப்பன் 100 (--deepen=100) கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரலாற்றை இழுக்கலாம். நடுவில் அறுந்தாலும் அதுவரை முழுதாக வந்தது பத்திரமாக இருக்கும். கமிட் செய்வது, கிளை பிரிப்பது, ஏற்கெனவே இறங்கிய பழைய மாற்றங்களைப் பார்ப்பது எதற்கும் இணையம் வேண்டாம். புஷ் (மாற்றங்களை அனுப்புவது), ஃபெட்ச், புல் (இறக்கி இணைப்பது) போன்றவற்றுக்குத்தான் வேண்டும்.

நிரல் எழுதக் கற்க வீடியோ பார்த்தும் கை ஓடவில்லை என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. உங்கள் வீட்டுப் பசுந்தேயிலைக் கணக்கையே நிரலாக எழுதுங்கள்: தேதி, கிலோ, விலை, வரவேண்டிய பாக்கி. பைத்தான் நிரல்மொழியோடு எஸ்க்யூஎல்லைட் (SQLite) என்ற சிறு தரவுத்தளம் சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். 4 ஜிபி மடிக்கணினி தாராளம். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் கமிட் செய்யுங்கள். பைத்தான் ஆவணத்தையும் ஒருமுறை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்காவது சிக்கினால் பிழைச்செய்தியை அப்படியே இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.