தந்தையோடு முடிந்துபோன டி.ஓ.எல். உரிமம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பாலிக் பூலாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா காடு திருத்திய மூன்று ஏக்கர் குன்று நிலத்தில் டுரியானும் ஜாதிக்காயும் நிற்கின்றன. தந்தையின் பெயரில் டி.ஓ.எல். (அரசு நிலத்தில் தற்காலிகமாக இருப்பதற்கான உரிமம்) இருந்தது. தந்தை காலமாகி ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அதே பெயரில் இவர் கட்டணம் செலுத்தி வந்திருக்கிறார். இப்போது 30 நாட்களில் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்துள்ளது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது வரவில்லை என்பதும், நில அலுவலக முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையின்றிப் பேசினார் என்பதும் இவருடைய மனக்குறை. வழக்குத் தொடுத்தால் நிலம் நிலைக்குமா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: தந்தை மறைந்த பிறகு உங்கள் பெயரில் டி.ஓ.எல். வழங்கப்பட்டதா? இல்லை. தேசிய நிலச் சட்டப்படி இந்த உரிமம் ஆண்டு இறுதியில் காலாவதியாகும். 68ஆம் பிரிவின்படி அதை எவருக்கும் மாற்றித் தர முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். எனவே அது தந்தையின் சொத்தில் சேராது. உடன்பிறந்தவர்களின் பங்கைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பக்கங்களுக்கு இங்கே வேலையில்லை. எத்தனை ஆண்டுகள் உழைத்திருந்தாலும் அரசு நிலத்தில் அனுபவத்தால் உரிமை பிறக்காது என்று 48ஆம் பிரிவு கூறுகிறது. காடு திருத்திய விவசாயிகள் தொடுத்த சீடேக் வழக்கிலும், அனுமதியின்றிக் குடியிருப்பவருக்குச் சட்டத்திலும் நியாய நெறியிலும் உரிமையில்லை என்றே 1982இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதிகாரியின் பேச்சும் அண்டை வீட்டாரின் அதிர்ஷ்டமும் வழக்காகா. அவருடைய தோட்டம் தாழ்ந்த நிலத்தில் இருக்கலாம். பினாங்கின் திட்டமிடல் கொள்கை 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் குன்று நிலமாகவே பார்க்கிறது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் 11 பேரைப் பலிகொண்ட மண்சரிவுக்குப் பிறகு, சரிவில் மரம் வெட்டியவருக்காகப் பரிந்து பேசுவது எந்த வழக்கறிஞருக்கும் எளிதல்ல.

நான் அஞ்சுவது இந்த 30 நாட்களில் நீங்கள் என்ன செய்துவிடுவீர்களோ என்பதைத்தான். கூடுதலாக மரம் இருந்தால் கூடுதல் பணம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நோட்டீஸ் கையில் இருக்கும்போதே மேல் சரிவை வெட்டித் திருத்திக் கன்று நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை நோட்டீஸோடு நின்றிருந்தது அதன் பிறகு குற்ற வழக்காகலாம். அனுமதியின்றி அரசு நிலத்தில் இருப்பதற்கும், அதைத் திருத்துவதற்கும் பயிரிடுவதற்கும் 425ஆம் பிரிவு ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட குன்று நிலமாக இருந்தால் 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். வேறு சிலர் ஓர் எஸ்.டி. (சத்தியப் பிரமாணம்) எழுதிக் கையெழுத்திட்டுத் தோட்டத்தை மூன்றாமவருக்கு 'விற்று' விடுகிறார்கள். இல்லாத உரிமத்தை வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும்போது, மாநில அரசோடு இருந்த தகராறு சொந்த ஊர்க்காரரோடும் மூண்டுவிடுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: புதுப்பிப்புப் படிவத்தில் தந்தையின் கையெழுத்தைப் போட்டது யார்? நீங்கள் என்றால், அந்த ரசீதுகளை ஆதாரமாக நீட்டும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவை உங்களைக் காப்பாற்றுவதைவிட மாட்டிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே சமரசமே என் ஆலோசனை. சரிவை விட்டுக்கொடுத்து, கீழே சமதளமாக உள்ள பகுதிக்கு மட்டும் உங்கள் பெயரில் புதிய டி.ஓ.எல். கேளுங்கள். டுரியான் பருவம் முடியும்வரை அவகாசமும், இப்போதுள்ள மரங்களை எண்ணிப் படமெடுத்து அதற்கேற்ற சாகுஹாத்தியும் (கருணைத் தொகை) கேளுங்கள். சாகுஹாத்தி உரிமையல்ல, மாநில அரசு மனமுவந்து தருவது. வழக்குத் தாக்கலான பிறகு அந்த மனம் இறுகிவிடும். தந்தை இறந்த தேதியை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, 'உரிமைக்குப் பாதகமின்றி' (சமரசப் பேச்சில் சொல்வது பிறகு உங்களுக்கு எதிராகப் பயன்படக் கூடாது என்பது பொருள்) என்ற தலைப்பில் உங்கள் வழக்கறிஞரே இந்தக் கடிதத்தை அனுப்பட்டும்.

அரசின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் நீதிமுறை மறுஆய்வுக்கான மூன்று மாதக் கெடு, பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நின்றுவிடாது. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியை இன்றே குறித்து வையுங்கள்.