போர்னியோ காட்டாற்றுப் பயணம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

போர்னியோ தீவிலுள்ள, மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றுக்கு வழிகாட்டியோடு போய்வருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மே மாதம் ஐந்து நாள் கிடைக்கிறது. ஏஜென்ட் "2 நாள் 1 இரவு", "3 நாள் 2 இரவு" என்று இரண்டு பேக்கேஜ் சொல்கிறார். முதலாவதை எடுத்தால் சபாவின் தலைநகர் கோத்தா கினாபாலுவையும் பார்த்துவிடலாம் என்கிறார். எது நல்லது? (திருச்சி வாசகர்)

இரண்டு இரவுதான். கோத்தா கினாபாலுவை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் விலங்குகள் கண்ணில் படும் நேரம் விடிந்ததிலிருந்து சுமார் ஒன்பது மணிவரை, பிறகு மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை. நடுப்பகலில் எல்லாம் உள்ளே நிழலுக்குப் போய்விடும். ஒரு இரவு பேக்கேஜில் ஒரு மாலைப் படகுச் சவாரி, ஒரு காலைச் சவாரி, அவ்வளவுதான். அந்த மாலையில் மழை பிடித்துக்கொண்டால் பாதிப் பணம் ஆற்றோடு போயிற்று. இரண்டு இரவு தங்கினால் நான்கு சவாரி கிடைக்கும்.

திட்டத்தை இப்படிப் போடலாம். முதல் நாள் கோலாலம்பூர் வழியாகச் சண்டாக்கான் போய்ச் சேருங்கள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றிரவு ஊருக்குள் தங்காமல், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செப்பிலோக்கில் தங்குங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்தில் உணவு வைப்பார்கள். 1964-இல் தொடங்கிய மையம் அது. எதிரிலேயே சூரியக் கரடி காப்பகம் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு மதியம் வேன் ஏறினால், 130 கிலோமீட்டர் போல இருக்கும், ஆற்றங்கரையிலுள்ள சுக்காவ் கிராமத்துக்கு மாலைச் சவாரி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். அங்கே இரண்டு இரவு. கடைசி நாள் காலைச் சவாரி முடிந்து, வழியில் கோமந்தோங் குகை, பிறகு சண்டாக்கான் விமான நிலையம்.

பலர் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். மதியம் ஒரு மணிக்கு விமானம் போட்டுவிடுகிறார்கள். சாலைப் பயணமே இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். ஆகவே குகை போகும், அவசரப்பட்டால் காலைச் சவாரியும் போகும். மூன்று மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள்.

கேள்வி: விசா வேண்டுமா? கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கான் உள்நாட்டு விமானம்தானே, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடலாமா? (சேலம் வாசகி)

பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கையிலேயே இருக்கட்டும். சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் மலேசியர்களையே அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது இடைத்தரகர் தளம், மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று: இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால், கோலாலம்பூரில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இரண்டு முனையங்கள் வேறு இருக்கின்றன. நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: புலியைப் பார்க்க வாய்ப்பு எவ்வளவு? (கரூர் வாசகர்)

பூஜ்யம். போர்னியோவில் புலியே கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் எதைத்தான் நிச்சயமாகப் பார்ப்போம்? படங்களில் காட்டுவதுபோல யானைக்கூட்டமும் வருமா? (கோவை வாசகி)

நீள்மூக்குக் குரங்கை ஏறக்குறைய உறுதியாகப் பார்ப்பீர்கள். போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம் இது. இருட்டுவதற்குள் கூட்டம் கூட்டமாக ஆற்றோரத்து மரங்களுக்கு உறங்க வந்துவிடும். தண்ணீர்ப் பக்கமிருந்து படைச்சிறுத்தை (மரமேறும் காட்டுப்பூனை வகை) ஏற முடியாது, ஆபத்தென்றால் ஆற்றில் குதித்து நீந்தலாம். விரல்களுக்கிடையே பாதிச் சவ்வு உண்டு. ஆண் குரங்கு கிளைக் கவட்டில் உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள்: உதட்டைத் தாண்டித் தொங்கும் மூக்கு, செம்பழுப்பு மேல்சட்டை போட்டதுபோல முதுகு, வெள்ளை வால், பானை வயிறு. இலையை நொதிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அது. அதனால்தான் அந்த அளவு.

இருவாச்சிகள் எட்டு வகை உண்டு. வால்பாறைப் பக்கம் இருவாச்சி பார்த்தவர்களுக்குச் சிறகடிக்கும் அந்த ஓசை பழக்கமாக இருக்கும். முதலை, நீர் உடும்பு, நீண்டவால் குரங்கு, மீன்கொத்தி எல்லாம் பெரும்பாலும் தென்படும். காட்டு ஒராங்குட்டான் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். கனிந்த அத்திமரம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டிக்குத் தெரிந்தால் வாய்ப்பு கூடும்.

யானை வேறு கதை. போர்னியோ யானை மொத்தமே ஆயிரம் அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. 2024-இல் அழியும் ஆபத்திலுள்ள துணையினமாகத் தனியே பட்டியலிடப்பட்டது. மந்தை ஆற்றின் மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு விடுதிக்கு எழுதி, "மந்தை இப்போது எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். தொலைவில் இருந்தால் கூடுதல் எரிபொருள் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறார்களா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விலங்குகள் கரையோரம் தென்படுவதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டம். காடு ஆற்றை ஒட்டிய துண்டுகளாகச் சுருங்கிவிட்டது. 2005-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டேரும் ஒரே பரப்பாக இல்லாமல் பத்துத் துண்டுகளாகத்தான் கிடக்கிறது. வேனில் வரும்போது ஜன்னல் வழியே மணிக்கணக்கில் பனையாகவே ஓடும், பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: ஏஜென்ட் அனுப்பும் படங்களில் எல்லா விடுதியும் அழகாகத்தான் இருக்கின்றன. முன்பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும்? (சென்னை வாசகர்)

அறையைப் பற்றிக் கேட்பதைக் குறையுங்கள். அறையில் நீங்கள் தூங்கத்தான் போகிறீர்கள். படகைப் பற்றியும் வழிகாட்டியைப் பற்றியும் கேளுங்கள்.

ஒரு படகில் எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டு நல்லது. பன்னிரண்டைத் தாண்டினால் யாராவது எழுந்து நிற்பார், படகு ஆடும், படம் கலங்கும், மெனாங்குல் போன்ற குறுகிய கிளையாற்றில் திரும்பவும் சிரமம். விலங்கருகே போகும்போது ஓசையில்லாத மின் மோட்டாருக்கு மாறுகிறார்களா? பெட்ரோல் இன்ஜினை ஓடவிட்டே நிறுத்தினால் குரங்குகள் முதுகைக் காட்டிவிடும், புகையும் உங்கள் முகத்துக்கே வரும். மூன்று நாளும் ஒரே வழிகாட்டிதானா? இயற்கை வழிகாட்டி உரிம அட்டை அவரிடம் இருக்கிறதா? இரவுச் சவாரியும் சண்டாக்கான் வேனும் விலைக்குள் அடங்குமா, தனியா? காலைச் சவாரி எத்தனை மணிக்கு? "காலை உணவு முடிந்து எட்டு மணிக்கு" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆறு மணிக்கே படகு நகர வேண்டும். மழை கொட்டிச் சவாரி ரத்தானால் மாற்று நேரம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு ஒராங்குட்டான் தெரிந்தால் போனில் செய்தி பரவி ஏழெட்டுப் படகுகள் மொய்த்துவிடும். நல்ல வழிகாட்டி பத்து நிமிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் நகரும்போது "இன்னும் கொஞ்சம்" என்று பிடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில், டிசம்பரில் போகலாமா? (நாகர்கோவில் வாசகி)

போகலாம், ஆனால் நான் மே மாதத்தையே சொல்வேன். அங்கே நவம்பரிலிருந்து மார்ச்வரை மழை. டிசம்பர், ஜனவரியில் வெள்ளமே வரும். நடைபாதைகள் மூழ்கும். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். அதற்காக மழையே இராது என்று எண்ணிவிடாதீர்கள், மழைக்காட்டுக்குத்தான் போகிறீர்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், காற்றில் மடங்கும். தலைவழி மாட்டும் மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று போதும்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? உப்பு கொண்டுபோகவா? (பொள்ளாச்சி வாசகர்)

படகிலேயே இருந்தால் அட்டைத் தொல்லை குறைவு. காட்டுக்குள் நடக்கும்போதுதான். ஆனைமலை அட்டை தரையிலிருந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். போர்னியோவில் அதோடு புலி அட்டை என்று வரி போட்ட ஒன்றும் உண்டு. அது இலை நுனியில் காத்திருந்து இடுப்பிலும் கையிலும் ஒட்டும், கடிக்கும்போதே சுருக்கென்று தெரியும். ஆகவே முழங்கால்வரை வரும் அட்டை உறை மட்டும் போதாது; சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் உப்பு, புகையிலை, தீக்குச்சி எதுவும் வேண்டாம். மிரண்ட அட்டை வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கும், சீழ் பிடிக்கலாம். மெல்லிய முனைதான் வாய். அதன் பக்கத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும், பிறகு பின்முனையை எடுத்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் பொருளைச் செலுத்தியிருப்பதால் கசிவு நீடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டுங்கள்.

காலுக்கு விலையுயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை. அங்கே கிராமத்தார் போடும், "அடிடாஸ் கம்போங்" என்று செல்லமாக அழைக்கப்படும் முழு ரப்பர் ஷூ சண்டாக்கான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, கனமான காலுறையோடு போடுங்கள். இல்லையென்றால் குதிகால் உரியும்.

கேள்வி: மலேரியா மாத்திரை போட வேண்டுமா? (மதுரை வாசகர்)

பயணத்துக்கு நான்கு வாரம் முன்பு மருத்துவரைப் பாருங்கள், முடிவு அவருடையது. அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் "நோலெசி" மலேரியா இருக்கிறது. இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் சீக்கிரம் முற்றும். டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், படகில் தொப்பி கட்டாயம்.

சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது காய்ந்தபின் கொசு விரட்டி. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ள விரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; கண்ணாடி பிரேமையும் கேமராவையும் தொடுமுன் உள்ளங்கையைத் துடையுங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் "சபா காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? (ஈரோடு வாசகி)

படகில் உட்காருவது சிரமமில்லை. படகுத்துறைக்கு இறங்குவதுதான் சிரமம். ஆற்று மட்டம் குறைந்த நாளில் படிகள் செங்குத்தாகிவிடும். மிதக்கும் துறையா, கைப்பிடி உண்டா, இருக்கைக்கு முதுகு சாய்மானம் உண்டா என்று விடுதியில் கேளுங்கள். ஒரு சவாரி இரண்டு மணி நேரம், இடையில் கழிப்பறை கிடையாது. பெரிய மருத்துவமனை சண்டாக்கானில்தான், ஆகவே அன்றாட மருந்து இரு மடங்கு எடுத்து இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

கேள்வி: விடுதிக்குப் பக்கத்தில் ஆற்றில் குளிக்கலாமா? (தஞ்சை வாசகர்)

உவர்நீர் முதலை இருக்கிற ஆறு. வாளியில் குளியுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது? (கும்பகோணம் வாசகி)

பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், போய் இறங்கியபின் சொன்னால் சோறும் வெள்ளரிக்காயும்தான். பினாங்கு, கிள்ளான் போலத் தெருவுக்குத் தெரு நம்மவர் கடை இங்கே இல்லை. சபாவில் இந்திய வம்சாவளியினர் மிகக் குறைவு. இறைச்சியைவிடக் கவனிக்க வேண்டியது பெலாச்சான், அதாவது இறால் விழுது. வெறும் வள்ளல்கீரை வதக்கலிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "ஜாங்ஙான் லெத்தாக் பெலாச்சான்" என்றால் பெலாச்சான் போடாதீர்கள். "தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், தெலூர்" என்றால் இறைச்சி, கோழி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன். ஒரு தாளில் மலாயில் எழுதிச் சமையற்கட்டில் கொடுத்துவிடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேர்க்காத தக்காளித் தொக்கு மூன்றும் மூன்று நாள் தாங்கும். பாட்டிலை இறுக்கி மூடி அலமாரிக்குள் வையுங்கள். பால்கனியில் விட்டால் நீண்டவால் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும்.