சட்டைக் காலரும் புல்தரையும்

வணக்கம் ஐயா,

கோல்ஃப் பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. பயிற்சித் திடலில் மட்டும் ஆடிக்கொண்டிருந்த என்னை, அலுவலக நண்பர் ஒருவர் தம் கிளப்புக்கு விருந்தினராக அழைத்தார். காலர் இல்லாத டி-சட்டை, ஜீன்ஸ், ஓட்டப் பயிற்சிக் காலணி என்று போய்விட்டேன். ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நான்கு பேர் நின்றிருந்தபோது ஒருவர் வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "இந்த உடையில் ஆட முடியாது" என்றார். அங்கேயே இருந்த கடையில் சட்டையும் காற்சட்டையும் வாங்கி மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு ஒரு பந்தையும் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. என் மனைவியும் பழகுகிறாள். அவள் கையில்லாத சட்டை அணியலாமா என்று விசாரித்தேன். "காலர் இருந்தால் அணியலாம்" என்றார்கள். இந்த விதிகள் ஆட்டத்துக்காகவா, ஆளைத் தரம் பிரிக்கவா? நான் மறுபடி அங்கே போக வேண்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை நடத்திய விதம் தவறு. உடை விதியைச் சொல்லும் இடம் முதல் டீ கிடையாது. அழைத்தவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் மறந்திருந்தால், வரவேற்பறையில் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் நடுவில் ஒருவரைக் குன்றிப்போகச் செய்துவிட்டு ஆடச் சொல்வது கொடுமை. மட்டையை வீசத் தோள் தளர்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் யாருக்குத்தான் தோள் தளரும்? அன்று நீங்கள் அடித்த பந்துகளை வைத்து உங்கள் ஆட்டத்தை எடைபோடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டுமே உண்டு. ஆகவே எல்லா விதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

காலணியில் தொடங்குகிறேன். நான் மனதார ஆதரிக்கும் விதி இதுதான். குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் புல்லை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் இரும்பு ஸ்பைக், அதாவது முள், பதித்த காலணியோடுதான் அதன்மேல் நடந்தார்கள். புல் வேரோடு பிய்ந்தது, தரை மேடு தட்டியது, உருளும் பந்து விலகிப்போனது. அந்தத் தடத்தை, பந்தைக் குழியை நோக்கி உருட்டும் பட் அடிப்பதற்கு முன் சரிசெய்துகொள்ளக்கூட விதி அனுமதிக்கவில்லை. 2019-இல்தான் அந்த அனுமதி கிடைத்தது. 1990-களில் பிளாஸ்டிக் ஸ்பைக் பரவியதும் பல கிளப்புகள் இரும்பு ஸ்பைக்கைத் தடைசெய்தன. நான் பழகிய நாட்களில், மழை விட்ட ஒரு காலையில், ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடிப்பாகமுள்ள காலணியோடு கிரீனில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வரிசையாக என் பாதச்சுவடுகள். பின்னால் வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு நகர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்காக முழங்காலிட்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து யாருடைய காலணியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் விதியின் பக்கம்தான் நிற்கிறேன்.

காரணம் தெரிந்த விதி இன்னொன்று: லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் கோல்ஃப் ஆடுபவர்கள் இன்றைக்கும் சிவப்பு மேலாடை அணிய வேண்டும். அங்கே பொதுமக்கள் நடப்பார்கள், நாயோடு உலவுவார்கள். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும். இப்படிப்பட்ட விதியை யாராவது அவமானமாக நினைப்பார்களா?

காலருக்கு இப்படி ஒரு காரணத்தை என்னால் காட்ட முடியவில்லை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வெளியிடும் விதிநூலில் காலர் கட்டாயம் என்று எங்கும் இல்லை. நடத்தை நெறிகளை வகுத்துக்கொள்ளும் உரிமையைப் போட்டிக் குழுவுக்கும் கிளப்புக்கும் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஓரிடத்தில் செல்லுபடியாகும் சட்டை அடுத்த இடத்தில் செல்லாமல் போகிறது. டைகர் உட்ஸ் மடிந்த காலர் இல்லாத உயர்கழுத்துச் சட்டையோடு பெரிய போட்டிகளில் ஆடியிருக்கிறார். ஆட்டம் அதனால் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

அரைக்காற்சட்டையின் கதை இன்னும் நீளமானது. 1983 அமெரிக்க ஓப்பனில், ஓக்மான்ட் மைதானத்தில், ஃபாரஸ்ட் ஃபெஸ்லர் என்ற ஆட்டக்காரர் கடைசிக் குழிக்கு முன் தற்காலிகக் கழிப்பறைக்குள் போய் ஷார்ட்ஸ் மாற்றிக்கொண்டு வந்து அந்தக் குழியை ஆடி முடித்தார். அது அவருடைய எதிர்ப்பு. ஐரோப்பாவின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஐரோப்பிய டூர் 2016-இல் பயிற்சிச் சுற்றுகளில் ஷார்ட்ஸை அனுமதித்தது. அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் அந்த இடத்துக்கு வர 2019 ஆயிற்று. 18 குழிகளை நடந்தே முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரும்பகுதி வெயிலில். முழங்கால் தெரிவதைவிட ஆட்டக்காரர் மயங்கி விழாமல் இருப்பது முக்கியம் என்று ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகளா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கண்காணிப்பு இன்னும் கடுமை. 1933-இல் வெஸ்ட்வர்ட் ஹோவில் நடந்த இங்கிலாந்து மகளிர் சாம்பியன்ஷிப்புக்கு குளோரியா மினோப்ரியோ கால்சட்டை அணிந்து வந்தார். மற்றவர்கள் பல மட்டைகளோடு வர, அவர் கையில் ஒரே ஒரு மட்டை. மகளிர் கோல்ஃப் சங்கத்துக்கு உறுத்தியதோ கால்சட்டைதான்; மரபான உடையிலிருந்து விலகியதற்கு அது வருத்தம் தெரிவித்தது. 2017-இல் பெண்களுக்கான தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ டூர் இறக்கமான கழுத்தையும் குட்டையான பாவாடையையும் தடுத்து, முதல் மீறலுக்கு ஆயிரம் டாலர் அபராதம் என்று அறிவித்தது. இந்த நூற்றாண்டிலும் ஆட்டக்காரியின் மட்டை வீச்சைப் பார்க்க வேண்டிய கண் பாவாடை நீளத்தை அளந்துகொண்டிருந்தது. உங்கள் மனைவிக்குச் சொல்லப்பட்ட விதி பல கிளப்புகளில் உள்ளதுதான். அவருக்கு வசதியாக இருந்தால் காலர் வைத்த கையில்லாத சட்டையை அணியட்டும். கை தடையின்றிச் சுழலும்.

ஜீன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தடுப்பதும் தோற்றத்துக்காகத்தான். ஆனாலும் கனமான துணி, நனைந்தால் உலராது, இடுப்பு திரும்பும்போது இழுக்கும். தடையே இல்லாத பொது மைதானத்திலும் நான் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுபடி போங்கள். புது இடம் என்றால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காலர் வைத்த சட்டை, சாதாரண வெட்டில் தைத்த காற்சட்டை, மென்மையான ஸ்பைக் உள்ள காலணி இருந்தால் ஏறக்குறைய எங்கும் தடை வராது. இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாகப் போகும்போது அவர்கள் வழக்கத்தை மதிப்பதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை. விதியை மாற்றச் சொல்லும் குரல் உள்ளேயிருந்து வர வேண்டும். விருந்தினரின் கடிதத்தைக் குழு மேசையில் போட்டு வைக்கும், உறுப்பினரின் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே உங்களை அழைத்த நண்பரிடம் அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். விருந்தினருக்கு உடை விதியை அழைப்போடு சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று செயலாளருக்கு அவர் எழுதட்டும்.

அன்புடன்.