5 மில்லிசெகண்ட் கேட்டால் 9 ஏன் ஆகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வாசகர் கேட்கிறார்: "லினக்ஸில் ஈபோல் வெயிட்டுக்கு (டேட்டா வரும்வரை நிரலைக் காத்திருக்க வைக்கும் அழைப்பு) 5 மில்லிசெகண்ட் டைம்அவுட் கொடுக்கிறேன். பெரும்பாலும் 5.06 ஆகிறது, எப்போதாவது 9 ஆகிவிடுகிறது. சென்சார் டேட்டா பாதியில் நின்றால் சிபியு வேறு எகிறுகிறது. மேன் பேஜ் (லினக்ஸ் கையேடு) தப்பா?"

மேன் பேஜ் தப்பில்லை. டைம்அவுட் கடிகாரத்தின் நுணுக்கத்துக்கேற்ப மேல்நோக்கி முழுமையாக்கப்படும், ஷெட்யூலர் (எந்த நிரலுக்கு எப்போது சிபியு என்று தீர்மானிப்பது) தாமதத்தால் கொஞ்சம் கூடவும் செய்யும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எண் கிடையாது. உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியதே அந்த எண்தான் என்பதால், இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். 5 என்றால் 'ஐந்துக்கு முன்னால் திரும்பமாட்டேன்' என்று மட்டுமே பொருள். 'ஐந்துக்குள் திரும்பிவிடுவேன்' என்று கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

அந்த 0.06-இல் பெரும்பகுதி டைமர் ஸ்லாக். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பக்கத்துப் பக்கத்து டைமர்களைச் சேர்த்து எழுப்ப, சாதாரண புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) 50 மைக்ரோசெகண்ட் சலுகையை கர்னல் எடுத்துக்கொள்கிறது. புராசஸின் அமைப்புகளை மாற்றும் பிஆர்சிடிஎல் அழைப்பில் இதை 1 நானோசெகண்டாகக் குறைக்கலாம். 0 கொடுத்துவிடாதீர்கள், பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

9 ஆவது வேறு விஷயம். பேங்கில் உங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆனால் கவுண்டர் காலியாக இல்லை என்பது போல. டைமர் முடிந்ததும் உங்கள் புராசஸ் வரிசையில்தான் சேர்கிறது. சிபியு கிடைத்தால்தான் ஓடும். சாதாரண புராசஸ்களை முந்திக்கொண்டு சிபியு வாங்கித் தரும் ஷெட் ஃபைஃபோ முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த சிபியு எகிறல்தான். 1.6 மில்லிசெகண்டில் பாதி டேட்டா வருகிறது, ஐந்தில் மீதி 3.4. ஈபோல் வெயிட் முழு மில்லிசெகண்டைத்தான் வாங்கும். அதை முழு எண்ணாக வெட்டினால் 3. 3 கேட்டால் 3.06 ஆகும், காத்து முடித்தபின் மீதி 0.34, வெட்டினால் 0. ஈபோலுக்கு 0 என்றால் உடனே திரும்பு என்று அர்த்தம். அந்த 0.34 தீரும்வரை லூப் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மீதியை எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள்: நானோசெகண்டில் வைத்து 9,99,999 கூட்டி 10,00,000-ஆல் வகுங்கள்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. கெடு தாண்டிப்போய் மீதி -1.3 என்று வந்தால் அது -1 ஆகிவிடும். -1 என்றால் காலவரையின்றிக் காத்திரு! டேட்டா வராவிட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. அதை டைம்அவுட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கெடுவை மோனோடானிக் கடிகாரத்தில் (முன்னோக்கி மட்டுமே ஓடுவது) கணக்கிடுங்கள். சுவர்க் கடிகார நேரத்தை, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி நடுவில் திருத்திவிடும். உங்கள் கர்னல் 5.11 அல்லது அதற்குப் பிந்தையதா? அப்படியானால் ஈபோல் பிவெயிட்2 என்ற புதிய அழைப்பு நானோசெகண்டையே வாங்கிக்கொள்ளும், வெட்டவே வேண்டியதில்லை. ஆனால் அலகு நானோசெகண்ட் என்பதால் எழுப்புவதும் அவ்வளவு துல்லியமாகிவிடாது. ஸ்லாக்கும் ஷெட்யூலரும் அங்கேயும் உண்டு.