முகம் மட்டும் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் அப்பா காசிமேட்டில் மீன்பிடித் தொழிலில் இருந்தவர். டி.வி.யில் எம்.ஜி.ஆர். படம் வந்தால் சாப்பாடுகூட அப்புறம்தான். போன வாரம் நான், "அந்த முகத்துக்குத்தானே எல்லாம் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது தவறா?

பெயர் வேண்டாம், காசிமேடு

அன்புள்ள தம்பிக்கு,

தவறுதான். அப்பாவுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

முகம்தான் காரணம் என்றால் 1936-லேயே எம்.ஜி.ஆர். கதாநாயகனாகியிருக்க வேண்டும். அந்த வருஷம் 'சதி லீலாவதி'யில் அறிமுகமானபோது அவருக்கு 19 வயது. கிடைத்தது ஒரு இன்ஸ்பெக்டர் வேஷம். நாயகனாக நடித்த 'ராஜகுமாரி' வந்தது 1947-இல். நடுவில் இருந்த 11 வருஷமும் அதே முகத்தோடுதான் சின்னச் சின்ன வேஷங்களில் வந்துபோனார்.

அன்றைக்கு நாயகன் என்றால் பாட வேண்டும். உங்கள் பக்கத்து பிராட்வே தியேட்டரில்தான் 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. அந்தக் கூட்டம் அதில் நாயகனாகப் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்காக வந்த கூட்டம். 'அசோக்குமார்' படத்தில் அதே பாகவதரோடு சின்ன வேஷத்தில் நின்றவர் எம்.ஜி.ஆர். அவருக்குப் பாட்டு கிடையாது. ஆனால் பழக்கிய உடம்பு இருந்தது.

அதைப் பழக்கியது வறுமை. கண்டி பக்கம் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். சோற்றுக்கு வழியில்லாமல்தான் அண்ணன் சக்ரபாணியும் அவரும் பள்ளிக்கூடத்தை விட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார்கள். படிக்கிற வயதுப் பையன்கள் அங்கே வசனம், ஆட்டம், கத்திச்சண்டை எல்லாம் கற்றார்கள். சொல்லிக்கொடுப்பவர் பெயர் வாத்தியார். காளி என். ரத்தினம் அப்படி ஒரு வாத்தியார். பின்னால் நம் வடசென்னை ரிக்‌ஷாக்காரர்கள் எம்.ஜி.ஆரையே 'வாத்தியார்' என்று கூப்பிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பெனிப் பையன்தான் கண்முன் வருகிறான்.

வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகை அந்தக் காலத்து நாடகக்காரர்களுக்குக் கோயில் மாதிரி. அதையொட்டிய யானைக்கவுனிப் பக்கம்தான் அவர் குடும்பமும் வாடகைக்குக் குடியிருந்தது. அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

1946-இல் 'ஸ்ரீ முருகன்' படத்தில் சிவனாக ஆடினார். அந்த ஆட்டம்தான் ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி'க்கு வழி திறந்தது. இயக்கியவர் ஏ.எஸ்.ஏ. சாமி. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போன பாகவதர் விடுதலையானதும் அதே 1947-இல்தான். அதற்குள் பின்னணிக் குரல் பழகிப்போய், நாயகனே பாட வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்திருந்தது. காலம் மாறியபோது அவர் தயாராக இருந்தார்.

சிறுவனாக மகாராணி தியேட்டரில் 'நாடோடி மன்னன்' பார்த்தேன். வாள்சண்டை வந்ததும் பக்கத்து சீட் பெரியவர் என் தொடையைத் தட்டி, "வாளைப் பாக்காதடா, காலைப் பாரு" என்றார். பார்த்தேன். வாள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கால் பதறவே இல்லை.

அடுத்த தடவை அந்தப் படம் போட்டால் அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். கால் எப்படி வைக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பேசிவிடுவார்.