மெல்லப் பாடுவது சின்ன வேலையா?

கேள்வி: நண்பர்கள் சொன்னதை நம்பி அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பமான 'கம் அவே வித் மீ'யைக் கேட்டேன். ஜாஸ் என்றார்கள். எனக்கோ ஹோட்டல் வரவேற்பறையில் ஓடும் பாட்டு மாதிரிதான் இருந்தது. பாதியில் தூங்கியே விட்டேன். இதற்குப் போய் அத்தனை கிராமி விருதுகளா? சிதார் மேதை ரவிசங்கர் மகள் என்பதால் கிடைத்த சலுகைதானே? (ஒரு வாசகர், கோவை)

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அநியாயமான கேள்வி. நோரா வளர்ந்தது டெக்சாஸில், டல்லஸுக்குப் பக்கத்தில் கிரேப்வைன் என்ற ஊரில். வளர்த்தவர் அம்மா சூ ஜோன்ஸ். 16 வயதில் தன் பெயரிலிருந்து சங்கரை எடுத்துவிட்டு வெறும் நோரா ஜோன்ஸ் ஆனார். அம்மா வைத்திருந்த ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்து, நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தார். 1999இல் நியூயார்க் போய், சாப்பிட வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவே உணவகங்களில் பாடினார். ஆல்பத்தின் 14 பாட்டிலும் சிதார் கிடையாது. 2002 பிப்ரவரியில் வெளிவந்தது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வர மறு ஜனவரி ஆனது. அப்பா பெயரில் விற்கிற சரக்கு முதல் வாரத்திலேயே விற்றிருக்கும். இது ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லி, மெல்ல ஏறியது. ரவிசங்கரின் மகள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் சொல்லும்போது அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜாஸா என்றால், முழு ஜாஸ் இல்லை. வெளியிட்டது ப்ளூ நோட். 1939இல் தொடங்கி, தெலோனியஸ் மங்க், ஆர்ட் பிளேக்கி போன்ற ஜாஸ் மேதைகளைப் பதிவு செய்த நிறுவனம் என்பதால் அந்த முத்திரை விழுந்துவிட்டது. கிராமிக்காரர்கள் குழம்பவில்லை. நோராவுக்குக் கொடுத்த ஐந்தில் ஒன்றுகூட ஜாஸ் பிரிவு விருது இல்லை. பாணியைச் சொல்லிக் கொடுத்த இரண்டும் பாப் பிரிவில்தான்.

ஆனால் ஜாஸோடு வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். 'கோல்ட் கோல்ட் ஹார்ட்' ஹாங்க் வில்லியம்ஸ் எழுதிய அசல் கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்து இசை. 1951இல் அவர் பாடினார், அதே வருடம் டோனி பென்னட் அதைப் பாப் பாட்டாகப் பாடினார். நோரா அதையே ஜாஸ் நடையில் பாடுகிறார். 'டர்ன் மீ ஆன்' ஜான் லவுடர்மில்க் எழுதியது. நீனா சிமோன் பாடி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை கேட்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆக, இந்தப் பாட்டுகள் ஏற்கெனவே வேலி தாண்டியவைதான். நான்கு பாணியையும் மிக்ஸியில் போட்டு அரைத்த வேலை இல்லை இது. அம்மாவின் இசைத்தட்டுகளும் டெக்சாஸ் ரேடியோவும் ஒரே வீட்டில் ஒலித்தால் ஒரு பெண்ணின் குரல் எப்படி அமையுமோ, அப்படி அமைந்திருக்கிறது.

அப்புறம், தூக்கம். கச்சேரி கேட்கிறவர் என்றால் உங்களுக்கே தெரியும், சௌக்க காலத்தில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று. வேகத்தில் பிசிறு தெரியாது. மெதுவாகப் பாடும்போது மூச்சு விடுவதுகூட வெளியே கேட்கும். 'டோன்ட் நோ ஒய்' பாட்டைத் தனியாக, வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். அவர் தாளத்தின் மேல் நேராக வந்து விழுவதில்லை, ஒரு இம்மி பின்தங்கித்தான் சொல்லை வைக்கிறார். வரி முடிகிற இடத்தில் பியானோவில் இரண்டு மூன்று ஸ்வரம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அவர் படித்த படிப்புக்கு அங்கே எவ்வளவோ வாசித்திருக்கலாம். இருபது தாண்டிய புதிதில் அந்தக் கையை அடக்கத் தெரிந்ததே, அதைத்தான் நான் வித்தை என்கிறேன்.

'டோன்ட் நோ ஒய்' முதலில் சோதனைக்காகப் பதிவு செய்த பாட்டு என்பது பலருக்குத் தெரியாது. பிறகு கிரெய்க் ஸ்ட்ரீட் தயாரிப்பில் ஒரு முறை ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். நன்றாகத்தான் வந்தது, ஆனால் கிட்டார்கள் முன்னால் வந்துவிட்டன. சோதனைப் பதிவில் இருந்த எளிமை போய்விட்டது என்று ப்ளூ நோட் தலைவர் புரூஸ் லண்ட்வாலுக்குத் தோன்றியது. தயாரிப்பாளர் அரீஃப் மார்டினை அழைத்தார். இஸ்தான்புல்லில் பிறந்தவர், சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் பெரிய பாட்டுகளில் வேலை செய்தவர். வயலின் கூட்டத்தை நிறுத்தி ஒரு பாட்டைத் தூக்கிவிடத் தெரிந்த அந்த மனிதர் இங்கே அதைத் தொடவில்லை. 'டோன்ட் நோ ஒய்'க்கு அந்தச் சோதனைப் பதிவையே எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் சேர்த்ததோடு சரி. தயாரிப்பாளருக்கான கிராமி அவருக்குக் கிடைத்தது. எதைச் செய்யாமல் விட்டார் என்பதற்காகவே அது தகும் என்பேன்.

ஹோட்டல்களில் இந்த ஆல்பம் தேயத் தேய ஓடியது உண்மைதான். இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது எங்கேதான் ஓடாது? அது ஹோட்டல்காரர்கள் செய்தது, பாடியவர் செய்ததில்லை.

பாதியில் தூங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் 14ஆவது பாட்டை நீங்கள் கேட்கவே இல்லை. 'தி நியர்னெஸ் ஆஃப் யூ', ஹோகி கார்மைக்கேலின் பழைய மெட்டு. மற்ற எல்லாரும் எழுந்து போய்விட்டது போல, பியானோவும் அவர் குரலும் மட்டும். இன்று ராத்திரி அங்கிருந்து தொடங்குங்கள்.