ஒன்றரை வயதுப் பிள்ளையும் பாதியில் நிற்கும் ஸ்வெட்டரும்

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். திருமணத்துக்கு முன்பிருந்தே ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னிக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறேன். மகனுக்கு 1 வயது 7 மாதம். அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு வரிசைகூட ஒழுங்காக முடிவதில்லை. நூலை இழுக்கிறான், ஊசியைப் பிடுங்குகிறான். போன வாரம் முக்கால்வாசி முடிந்த முன்பாகத்திலிருந்து ஊசியை உருவிவிட்டான். அழுதுகொண்டே முழுவதையும் பிரித்துச் சுற்றினேன். இடது கட்டைவிரலின் அடியில் வலி வேறு. ‘பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், அதுவரை மூட்டைகட்டி வை’ என்கிறார் மாமியார். அவர் சொல்வதுதான் சரியா? அவனுக்கே ஒரு ஸ்வெட்டர் பின்னித்தர முடியவில்லையே என்பது பெரிய குறையாக இருக்கிறது.

பதில்: மூட்டைகட்ட வேண்டாம். பின்னும் முறையை மட்டும் இரண்டு வருடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நொடியிலும் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடக்கூடிய வேலைதான் இப்போது உங்களுக்கு ஏற்ற வேலை.

முதலில் அந்த முன்பாகம். நீங்கள் அதைப் பிரித்ததைப் படித்ததும் என் மனம் கனத்துவிட்டது, பிரித்திருக்கவே தேவையில்லை. ஊசியை உருவினால் எல்லாக் கண்ணிகளும் மளமளவென்று ஓடிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஓடாது. அக்ரிலிக்கோ கம்பளியோ, பின்னிய கண்ணி ஊசியின் வளைவை நினைவில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். துணியை இழுத்தாலோ உதறினாலோதான் இறங்கும். ஆகவே அடுத்த முறை, ஊசியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி உயரத்தில் வைத்துவிட்டு, துணியைத் தூக்காமல் கிடந்த இடத்திலேயே தட்டையாக விரித்துவிடுங்கள். அவன் தூங்கிய பிறகு வந்து உட்காருங்கள். 8-ஆம் எண் ஊசியில், அதாவது 4 மி.மீ. ஊசியில், பின்னியிருந்தால் 11 அல்லது 12-ஆம் எண் மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூல்கண்டு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு வந்தால், ஊசிமுனை நூல் இருக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து பழைய ஊசியால் பின்னலைத் தொடரலாம். கோக்கும்போது கண்ணி முறுக்கிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பின்னும்போது, கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் போயிருந்தால் திருப்பிப் போட்டுவிட்டுப் பின்னுங்கள். ஏதாவது ஒரு கண்ணி நாலைந்து வரிசை இறங்கியிருந்தால் அந்த இடம் ஏணி போலத் தெரியும். குரோஷா ஊசியின் கொக்கியைக் கீழே நிற்கும் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியே இழுத்து மேலே ஏற்றிவிடலாம்.

இதையும் தாண்டி ஒரு காப்பு உண்டு. 10 வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூலை மொட்டை ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் நுழைத்து, இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் மிச்சம் விடுங்கள். அதன் மேல் வழக்கம்போலப் பின்னிக்கொண்டு போகலாம். பிள்ளை என்ன செய்தாலும் பின்னல் அந்த நூலுக்குக் கீழே பிரியாது. இதற்கு ஆகும் நேரம் 3 நிமிடம். கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை உள்ள எவரும் இதை விடக் கூடாது என்பேன்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்லும் முடிவு சரியில்லை, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. நீளமான நேர் ஊசிகளால் பின்னும்போது நம் கண் முனையில்தான் இருக்கும். ஊசியின் பின்பக்கம், அந்தக் குமிழ் உள்ள நுனி, நம் முழங்கைக்கு வெளியே ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னும் பின்னும் போய்வருவதை நாம் பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பின்னிப் பாருங்கள். பக்கத்தில் வந்து நிற்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் முகம் இருக்கும் உயரத்தில்தான் அது ஆடுகிறது. அதனால் நேர் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு குட்டை முனைகளை வயர் இணைக்கும் வட்ட ஊசிக்கு மாறிவிடுங்கள். தட்டையான பாகங்களையும் அதில் திருப்பித் திருப்பிப் பின்னலாம். முனைகள் கைக்குள்ளேயே அடங்கிவிடும். எழும்போது கண்ணிகளை வயரின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாலும் எளிதில் கழன்று வராது.

நூல்கண்டில் ஊசியைக் குத்திவைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை இன்றோடு விடுங்கள். மூடியுள்ள டப்பாவோ, பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டிய துணிப்பையோ போதும். ஊசிமுனைக்குப் போடும் ரப்பர் மூடி, கண்ணி எண்ணப் போடும் பிளாஸ்டிக் வளையம் இரண்டும் வீட்டில் வேண்டாம். சுமார் 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். வளையத்துக்குப் பதில் வேறு நிற நூல் துண்டை முடிச்சிட்டு மாட்டுங்கள், வேலை முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மட்டும் ஒருபோதும் பின்னாதீர்கள். இதையெல்லாம் செய்துவிட்டு மாமியாரிடம் காட்டுங்கள். ‘அத்தை, ஊசிக்கு வழி செய்துவிட்டேன், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பிள்ளையின் அப்பாவிடமும் ஒரு மணி நேரம் கேளுங்கள். அது அவர் செய்யும் உதவி ஆகாது, அவருடைய பங்கு.

எதைப் பின்னுவது என்பதிலும் மாற்றம் வேண்டும். பெரியவர்களுக்கான முன்பாகம் என்றால் ஒரு வரிசையில் நூறு கண்ணிக்கு மேல். பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ‘இந்த வரிசை முடியட்டும்’ என்பீர்கள், அது 4 நிமிடம் நீளும், அதற்குள் அவன் நூலைப் பிடித்து இழுத்திருப்பான். குழந்தை ஸ்வெட்டரின் கை என்றால் 40 கண்ணி, பழகிய கைக்கு ஒன்றரை நிமிடம். அவ்வளவு நேரம் அவன் பொறுப்பான். வரிசை முடிந்ததும் சொன்னபடி கீழே வைத்துவிட்டு அவனிடம் போனால், ‘முடியட்டும்’ என்ற சொல்லின் பொருளையும் அவன் கற்றுக்கொள்வான். எனவே விழித்திருக்கும்போது கை, குல்லா, எல்லா வரிசையும் ஒரே மாதிரி போகும் கார்ட்டர் தையலில் மஃப்ளர். எண்ண வேண்டிய டிசைன், கயிறு முறுக்கியதுபோலத் தெரியும் கேபிள், கழுத்துக் குறைப்பு எல்லாம் அவனுடைய பகல் தூக்கத்துக்கு. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பகலில் ஒரே தூக்கம்தான் என்பதால், அந்த நேரத்தில் பாத்திரம் கழுவாதீர்கள். பாத்திரத்தை அவன் விழித்திருக்கும்போதும் கழுவலாம். கடைக்காரரிடம் முன்பு ஒப்புக்கொண்டதில் பாதி எண்ணிக்கையை ஒப்புக்கொண்டு, மார்கழிக் குளிருக்கான சரக்கைச் சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கையுறையும் காலுறையும் பின்னுகிறவர்கள் அனைவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நிறத்தில் பின்னும்போது உள்பக்கம் நூல் குறுக்கே தொங்கும் அல்லவா, அந்த நூலோ, சரியாகச் செருகாத நூல்நுனியோ, தாயின் ஒரு தலைமுடியோ குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால் தானாகக் கழலாது. விரல் வீங்கும், வீங்க வீங்க நூல் இறுகும், இரத்த ஓட்டம் தடைபட்டு விரலையே இழக்கும் ஆபத்து உண்டு. குழந்தைக்கு அழுவதைத் தவிர வேறு மொழி இல்லை. காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பாருங்கள். விரலில் சிவந்த வளையம் போல வீக்கம் தெரிந்து, நூலை உடனே எடுக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விற்பனைக்குப் பின்னும் கையுறை, காலுறைகளை ஒற்றை நிறத்தில் மட்டும் பின்னுங்கள். முடித்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, உங்கள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்காவது விரல் மாட்டினால் அது கடைக்குப் போகக் கூடாது. ஐரோப்பாவில் 7 வயதுக்கு உட்பட்டோர் உடைகளில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு வைக்கக் கூடாது என்று தரவிதியே இருக்கிறது. நாமும் அதைப் பின்பற்றலாம். குல்லாவைக் காது மூடும் அளவுக்கு ஆழமாகப் பின்னினால் தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் தேவைப்படாது.

கட்டைவிரல் வலிக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஊசியைவிடப் பிள்ளையைத் தூக்கும் விதம்தான் முதல் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கட்டைவிரல்களை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்குகிறோம். ஒரு நாளில் எத்தனை முறை! கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் உறை மணிக்கட்டில் தடித்து இறுகிவிடும். 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குர்வேன் பெயராலேயே இந்த வலி அழைக்கப்படுகிறது. சிறுபிள்ளைகளின் தாய்மார்களுக்கு இது அதிகம் வரும், பின்னல் அதைக் கூட்டும். ஒரு கையை அவன் புட்டத்துக்குக் கீழும் மறு கையை முதுகிலும் கொடுத்து, உள்ளங்கையால் அள்ளித் தூக்குங்கள். வலி இருக்கும்வரை ஒரே அமர்வில் 15 நிமிடத்துக்கு மேல் பின்ன வேண்டாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

அவன் நூலை இழுப்பதற்குக் காரணம் அம்மாவின் கையில் இருப்பது தனக்கும் வேண்டும் என்பதுதான். அவனுக்கென்று ஒரு சிறு கூடை கொடுங்கள். மிச்ச நூலை அவன் இரண்டு கையாலும் பிடிக்கும் அளவுக்கு இறுக்கமான உருண்டையாகச் சுற்றி, நுனியை ஊசியால் உருண்டைக்குள் பலமுறை குறுக்கே தைத்துவிட்டால் பிரிந்து வராது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று போதும். மயிர் உதிரும் நூல் வேண்டாம். போடுவதும் எடுப்பதும் இந்த வயதில் அலுக்காத விளையாட்டு. ஆனால் தனியாக நூல் துண்டு எதையும் அவன் கையில் கொடுக்காதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கடைசியாக, அவனுக்கான ஸ்வெட்டர். கழுத்திலிருந்து கீழ்நோக்கி, தோளில் கை சாய்வாக இணையும்படி பின்னும் ராக்லன் முறையில் தொடங்குங்கள். இந்த வயதில் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்து நெகிழாவிட்டால் ஸ்வெட்டர் தலையிலேயே நின்றுவிடும். ஆகவே தலையை டேப்பால் அளந்து, இரண்டு அளவு தடிமனான ஊசியில் தளர்வாகக் கண்ணி ஏற்றி, இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (மறு கண்ணி) என்று மாற்றி மாற்றிக் கழுத்துப்பட்டியைப் பின்னுங்கள். பொத்தான் வேண்டாம். உங்கள் வீட்டில் விறகடுப்போ கரி கணப்போ எரிகிறது என்றால் இந்த ஒன்றுக்கு மட்டும் சுத்தக் கம்பளி நூல் வாங்குங்கள். அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும், கம்பளி எளிதில் பற்றாது. கையை 4 செ.மீ. கூடுதலாகப் பின்னி மடித்துவிடுங்கள். பிள்ளைகள் இரண்டாம் வயதில் 10 முதல் 12 செ.மீ. வரை வளர்கிறார்கள். மேலிருந்து பின்னிய ஸ்வெட்டரின் கீழ் ஓரத்தை நுனியிலிருந்து இழுத்தால் சுலபமாகப் பிரியும். அதனால் லேபிளில் உள்ள அதே லாட் எண்ணில் (சாயத் தொகுதி எண்) ஒரு கண்டு கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்திருங்கள். அடுத்த ஐப்பசியில் கீழ்ப்பட்டியைப் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, ஒரு கையகலம் நீட்டிவிடலாம்.